ஐ.என்.ஆர். கருவி வீட்டில் இருந்தால் மாத்திரையின் அளவை நாமே மாற்றலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 56. மதுரையில் இதயத்தின் மைட்ரல் வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு பொருத்தி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. ரத்தம் உறையாமல் தடுக்கும் அசிட்ரோம் மாத்திரையை ஒரு நாள் 2 மி.கி., மறுநாள் 3 மி.கி. என்று சாப்பிடுகிறார். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும் ஐ.என்.ஆர். எண்ணைப் பார்க்க மாதந்தோறும் கம்பத்திலிருந்து மதுரைக்குப் போய்வருகிறோம். விரலில் குத்திப் பார்க்கும் கருவியை வாங்கிவிட்டால் மருத்துவமனைக்கே போக வேண்டாம், அளவை நீங்களே கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம் என்று ஒரு விற்பனையாளர் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: கருவியை நம்பலாம், விற்பனையாளர் சொன்னதில் பாதியை மட்டும் நம்புங்கள். வீட்டில் ஐ.என்.ஆர். பார்ப்பது ஒரு வேலை, அந்த எண்ணை வைத்து மாத்திரையின் அளவை முடிவு செய்வது வேறொரு வேலை. முதல் வேலையை நீங்கள் ஓரிரு வாரங்களில் கற்றுக்கொள்ளலாம். இரண்டாவதை, உங்கள் மருத்துவர் எழுதித் தந்த வரம்புக்குள் மட்டுமே செய்ய வேண்டும். ஜெர்மனி போன்ற நாடுகளில் நோயாளிகள் இரண்டையும் பல்லாண்டுகளாக வீட்டிலேயே செய்துவருகிறார்கள். ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது அவர்களுக்கு ரத்தக்கட்டி அடைப்பு குறைந்திருந்தது, பெரிய ரத்தக்கசிவு கூடவில்லை. ஆனால் அவர்கள் முறையான பயிற்சி பெற்று, இது தங்களால் முடியும் என்று காட்டியவர்கள். அந்தப் பயிற்சியை எந்த விற்பனையாளரும் பெட்டிக்குள் வைத்துத் தருவதில்லை.

மைட்ரல் இடத்தில் உலோக வால்வு உள்ளவர்களுக்கு ஐ.என்.ஆர். பொதுவாக 2.5 முதல் 3.5 வரை இருக்க வேண்டும்; கூடினால் ரத்தக்கசிவு, குறைந்தால் ரத்தக்கட்டி என்பதே பயம். அம்மாவுக்குக் குறித்த வரம்பு டிஸ்சார்ஜ் தாளில் இருக்கும். நீண்ட நாள் நிலையாக இருந்தவருக்கு ஒரே ஒரு முறை 2.2 என்றோ 3.8 என்றோ வந்தால் அளவில் கை வைக்காமல், ஒரு வாரம் கழித்து மீண்டும் பாருங்கள். பலரும் தடுக்கி விழுவது இங்கேதான்: இன்று செய்த மாற்றம் ரத்தத்தில் முழுமையாகத் தெரியச் சில நாட்கள் ஆகும் என்பதை மறந்து, நாளைக்கே இன்னொரு முறை குத்திப் பார்த்து, இன்னொரு மாற்றத்தையும் செய்துவிடுகிறார்கள். இந்த மாத்திரையை வாரக் கணக்கில் பார்க்க வேண்டும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்றால் அம்மாவுக்கு ஒரு வாரம் 17 மி.கி., அடுத்த வாரம் 18 மி.கி. போகிறது, நேற்று எது சாப்பிட்டோம் என்ற குழப்பமும் வருகிறது. திங்கள், புதன், வெள்ளி 3, மற்ற நாட்களில் 2 என்று கிழமையோடு கட்டிவிட மருத்துவரிடம் கேளுங்கள். மாற்றம் தேவைப்பட்டாலும் வார அளவில் 5 முதல் 15 சதவீதம்தான், அதாவது வாரத்துக்கு 1 அல்லது 2 மி.கி. மட்டுமே. ஐ.என்.ஆர். ஐந்தைத் தாண்டினால், ரத்தக்கசிவு இல்லாவிட்டாலும், அன்றிரவு மாத்திரையை நிறுத்திவிட்டு மருத்துவரை அழையுங்கள். இரண்டுக்குக் கீழே போனாலும் அன்றைக்கே அழையுங்கள்.

கருவியின் விலையைப் பேரம் பேசி முடித்ததும் செலவு முடிந்தது என்று எண்ண வேண்டாம். செலவெல்லாம், ஒவ்வொரு முறையும் ரத்தச் சொட்டை வைக்கும் ஸ்ட்ரிப்பில் இருக்கிறது. காலாவதிக்கு ஒரு மாதமே இருக்கும் ஸ்ட்ரிப்பைத் தள்ளுபடி என்று தலையில் கட்டுகிறவர்கள் உண்டு. பரவலாக விற்கும் ஸ்ட்ரிப்பை 2 முதல் 30 டிகிரி வெப்பத்துக்குள் வைத்திருக்க வேண்டும். சித்திரை வெயிலில் பார்சல் வண்டியில் கிடந்து வந்த டப்பா என்ன எண் காட்டும் என்று எனக்குத் தெரியாது, விற்றவருக்கும் தெரியாது. கையைக் கழுவி நன்றாகத் துடைத்து, விரலின் பக்கவாட்டில் குத்தி, பிழியாமல், முதல் சொட்டை 15 விநாடிக்குள் வைக்க வேண்டும். முதல் சில முறை, அதே நாளில் ஆய்வகத்திலும் ரத்தம் கொடுத்து ஒப்பிடுங்கள். வித்தியாசம் 0.5-க்குள் இருந்தால் சரி.

அதைவிடப் பெரிய கண்ணி மருந்துக் கடையில் இருக்கிறது. அசிட்ரோம் இருப்பில் இல்லை என்றால், "இதுவும் ரத்தம் இளக்குவதுதான்" என்று வார்ஃபரின் 2 மி.கி. எடுத்து நீட்டுவார்கள். இரண்டும் ஒரே குடும்பம்தான், ஆனால் மில்லிகிராமுக்கு மில்லிகிராம் சமமில்லை. அப்படி மாற்றினால் மருந்தின் வேலை ஏறத்தாழ பாதியாகிவிடும். ரத்தப் பரிசோதனையே தேவைப்படாத புது மாத்திரை என்று யாராவது சொன்னால் அதையும் வாங்காதீர்கள். உலோக வால்வு உள்ளவர்களிடம் அப்படிப்பட்ட டாபிகாட்ரான் மாத்திரையைச் சோதித்த ஆய்வில் ரத்தக்கட்டியும் ரத்தக்கசிவும் கூடியதால் அதைப் பாதியில் நிறுத்தினார்கள். 2013-இல் அதன் முடிவு வெளியானது. மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக் மாத்திரையும் இடுப்பில் ஊசியும் வேண்டவே வேண்டாம். கீரையை நிறுத்த வேண்டியதில்லை, வாரந்தோறும் ஒரே அளவாக இருந்தால் போதும்.

ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும், விற்பவர்கள் சொல்வதே இல்லை. ரத்தம் எளிதில் கட்டிவிடும் ஆன்டிபாஸ்போலிப்பிட் நோய் உள்ள சிலருக்கு இந்தக் கருவி உண்மையைவிட அதிக எண்ணைக் காட்டிவிடும். 4 என்று கண்டு மாத்திரையைக் குறைப்பார்கள், உண்மையில் அது 2.5 ஆக இருக்கும், ரத்தம் உறையத் தொடங்கிவிடும். உங்கள் அம்மாவுக்கு இது இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஆனாலும் அடிக்கடி கருச்சிதைவோ, காலில் ரத்தக்கட்டியோ முன்பு ஏற்பட்டிருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். ஆய்வக எண்ணும் கருவி எண்ணும் ஒத்தே வரவில்லை என்றால் ஸ்ட்ரிப்பை மட்டும் குறை சொல்லாமல் இதையும் நினையுங்கள்.

வால்வின் டிக் டிக் ஓசை மங்கினாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ, வாய் கோணினாலோ, மலம் கறுப்பாகப் போனாலோ, தலையில் அடிபட்டாலோ கருவியைத் தேடாமல் ஆம்புலன்ஸை அழையுங்கள்.

அறுவை சிகிச்சைக்கு அரசுக் காப்பீட்டில் பணம் கிடைக்கிறது. அதன் பிறகு வாழ்நாள் முழுக்க வேண்டிய ஒரு சொட்டு ரத்தப் பரிசோதனைக்கு மக்கள் மலையடிவார ஊரிலிருந்து பேருந்து ஏறுகிறார்கள். மக்களைத் தேடி மருத்துவம் என்று 2021 முதல் சர்க்கரை மாத்திரையை வீட்டு வாசலில் கொண்டுவந்து கொடுக்கிறவர்களின் பையில் ஒரு ஐ.என்.ஆர். கருவியை வைக்க என்ன தடை என்று பலமுறை கேட்டாயிற்று. அது வரும்வரை, அடுத்த முறை மதுரை செல்லும்போது அம்மாவின் வரம்பு, வார அளவு, எந்த எண்ணுக்கு எவ்வளவு மாற்றலாம், இரவில் யாரை அழைப்பது ஆகியவற்றை ஒரே தாளில் மருத்துவரின் கையெழுத்தோடு வாங்குங்கள். எழுதித் தர அவர் தயங்கினால் எண்ணை மட்டும் வீட்டில் பார்த்துத் தொலைபேசியில் சொல்லுங்கள். மாத்திரையை அவரே மாற்றட்டும்.