ஃபலனாப்சிஸ் ஆர்க்கிட் பூக்கவில்லையா? முதலில் ராத்திரி விளக்கை அணையுங்கள்

எல்இடி விளக்கை 24 மணி நேரமும் எரியவிட்டும் ஒன்றரை வருடமாகப் பூவே இல்லை, இலை மட்டும் கரும்பச்சையாக நீண்டு தொங்குகிறது என்கிறீர்கள். நேரத்தைக் கூட்டியது தப்பு. இந்தச் செடி இலைத்துளைகளைப் பெரும்பாலும் இரவில்தான் திறந்து கரியமில வாயுவை உள்ளே இழுத்துச் சேமிக்கும், பகல் வெளிச்சத்தில் அதை வைத்துச் சமைக்கும், அதனால் இருட்டே இல்லையென்றால் அதன் பிழைப்பே குழம்பிவிடும். 12 முதல் 14 மணி நேரம் போதும், ஒரு டைமர் மாட்டிவிடுங்கள்.

கரும்பச்சை என்றால் வெளிச்சத்தின் வலு போதவில்லை என்று அர்த்தம். 60 செ.மீ. உயரத்தில் இருக்கும் விளக்கை 30 செ.மீ.க்கு இறக்குங்கள், ஆனால் ஒரே நாளில் வேண்டாம், இரண்டு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக (நான் அவசரப்பட்டு ஒரு செடியைக் கருக்கியிருக்கிறேன்). இலை வெளிர்பச்சைக்கு வந்தால் சரி, ஓரம் சிவந்தால் சற்று ஏற்றுங்கள்.

அப்புறம் குளிர்ச்சி. அறை எப்போதும் 28 டிகிரிக்கு மேலேயே இருந்தால் எத்தனை வெளிச்சம் கொடுத்தாலும் பூந்தண்டு வருவது கடினம். சில வாரங்கள் 25க்குக் கீழே, இரவில் 18 வரை இறங்கினால் தண்டு தலைகாட்டும். உரத்தை இப்போதைக்குக் கூட்டாதீர்கள்.