மொட்டை மாடியில் கேமரா வைத்திருக்கும் பிள்ளையை என்ன படிக்க வைப்பது?

அன்புச் சகோதரிக்கு,

பிளஸ் டூ படிக்கும் உங்கள் மகன் திருவொற்றியூர் வீட்டு மொட்டை மாடியில் பழைய சிசிடிவி கேமரா ஒன்றை வானத்தைப் பார்த்துக் கட்டியிருக்கிறான். பறக்கும் தட்டுகளைப் பற்றி அறிவியல் முறையில் தரவு சேகரிக்கப் போவதாகச் சொல்கிறான். அரையாண்டுத் தேர்வில் கணித மதிப்பெண் இறங்கிவிட்டது. மணலியில் ஒப்பந்த வேலைக்குப் போகும் அவன் அப்பா, கேமராவைக் கழற்றி எறி என்கிறார். இவ்வளவையும் எழுதிவிட்டு, "இதை வைத்து இவன் பிழைக்க முடியுமா?" என்று கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள்.

பறக்கும் தட்டை வைத்துப் பிழைக்க முடியாது. அதைத் தேடுவதற்காக அவன் கற்றுக்கொண்டிருக்கும் தொழிலை வைத்து நன்றாகவே பிழைக்கலாம். இந்த இரண்டையும் வீட்டில் எல்லோரும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். பறக்கும் தட்டு ஆய்வுக்குச் சான்றிதழ் தருகிறோம் என்று இணையத்தில் யாராவது கட்டணம் கேட்டால் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.

பிள்ளைக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்ற பயம் உங்கள் கடிதம் முழுக்கத் தெரிகிறது. அது வேண்டாம். வானத்தில் தெரியும் விளங்காத பொருள்களைப் பற்றி ஆராய நாசா ஒரு நிபுணர் குழுவை அமைத்தது. அந்தக் குழு 2023 செப்டம்பரில் அறிக்கை தந்தது. வேற்றுக்கிரகத்திலிருந்து எதுவும் வந்ததற்கு ஆதாரம் இல்லை என்றது; கிடைத்திருக்கும் தரவுகள் தரம் குறைந்தவை, சரியாக அளக்கும்படி முன்கூட்டியே அளவுத்திருத்தம் செய்த கருவிகளால் பதிவானவை மிகக் குறைவு என்றும் சொன்னது. நார்வேயில் ஹெஸ்டாலன் என்ற பள்ளத்தாக்கில் விளங்காத ஒளிகள் தெரிவதால், 1998 முதல் அங்கே தானியங்கிக் கண்காணிப்பு நிலையம் ஒன்று வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஹார்வர்டு வானியலாளர் ஆவி லோப் 2021இல் கலிலியோ திட்டத்தைத் தொடங்கினார். அவருடைய குழு, வானம் முழுவதையும் பார்க்கும்படி எட்டு அகச்சிவப்புக் கேமராக்களை அமைத்து, கணினியே நகரும் பொருளைக் கண்டுபிடித்துப் பின்தொடரும்படி செய்தது. ஐந்து மாதத்தில் சுமார் 5 லட்சம் பாதைகள் பதிவாயின. அவற்றில் 16 சதவீதத்தை வழக்கத்துக்கு மாறானவை என்று கணினி ஒதுக்கியது. மனிதர்கள் உட்கார்ந்து சரிபார்த்த பிறகு விளங்காமல் நின்றவை 144 மட்டுமே. அவையும் சாதாரணப் பொருள்களாகவே இருக்கக்கூடும், தொலைவு தெரியாததால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று அந்த ஆய்வாளர்களே எழுதினார்கள்.

அந்தத் தொலைவு விஷயத்தை உங்கள் மகன் புரிந்துகொண்டானா என்று கேளுங்கள். அவன் பதிலை வைத்து அவன் எவ்வளவு தூரம் வந்திருக்கிறான் என்று சொல்லிவிடலாம். அரை மீட்டர் அகலச் சிறகு விரித்த புறா ஒன்று கேமராவிலிருந்து 100 மீட்டரில், நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் குறுக்கே பறக்கிறது. அது 10 கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பதாக ஒருவன் நினைத்துக்கொண்டால், அதே படத்தை வைத்து அவன் போடும் கணக்கில் அது 50 மீட்டர் அகலமுள்ள பொருளாக, நொடிக்கு 1500 மீட்டர் வேகத்தில், அதாவது ஒலியைவிட நான்கு மடங்குக்கும் மேல் வேகமாகப் போகும். ஒற்றைக் கேமரா படத்தில் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. பந்தயப் புறா வளர்க்கும் வடசென்னையில் இப்படிப்பட்ட 'விண்கலங்கள்' தினமும் பறக்கின்றன.

தீர்வு அவனது பிளஸ் ஒன் இயற்பியல் புத்தகத்தின் முதல் அலகிலேயே இருக்கிறது: இடமாறு தோற்றம். ஒரே பொருளை இரண்டு இடங்களிலிருந்து பார்த்தால் அது இடம் மாறித் தெரிவதுதான் அது. சில கிலோமீட்டர் தள்ளி இன்னொரு கேமரா வேண்டும். தண்டையார்பேட்டையிலோ எண்ணூரிலோ நண்பன் ஒருவன் வீட்டு மாடி போதும். இரண்டு கடிகாரங்களும் துல்லியமாக ஒத்துப்போக வேண்டும். ஒவ்வொரு கேமராவும் எந்தத் திசையை எந்தக் கோணத்தில் பார்க்கிறது என்பதை, இடம் தெரிந்த நட்சத்திரங்களை வைத்துச் சரிசெய்ய வேண்டும். பிறகு கோணங்களிலிருந்து தொலைவு வரும். இதற்கு முக்கோணவியல் வேண்டும், வெக்டர் வேண்டும், நிகழ்தகவு வேண்டும். கணித மதிப்பெண் இறங்கியதற்குக் கேமராவைத் திட்டுகிறீர்கள். அந்தக் கேமராவுக்காகவே அவன் கணிதம் படித்தாக வேண்டும் என்று அவனிடம் சொல்லிப் பாருங்கள். டியூஷன் மாஸ்டர் சொல்வதைவிட அது அவனுக்கு நன்றாக உறைக்கும்.

இன்னொன்றும் அவனுக்குச் சொல்ல விரும்புகிறேன். உங்கள் ஊர் வானம் இந்த வேலைக்கு மிகக் கடினமானது, ஆகவே கற்றுக்கொள்ள மிக நல்லது. கிழக்கே நங்கூரமிட்டுக் காத்திருக்கும் கப்பல்களின் விளக்கு, காசிமேட்டு விசைப்படகுகள், ஆலைப் புகைபோக்கியின் தீச்சுடர் பட்டுச் சிவக்கும் தாழ்ந்த மேகம், மீனம்பாக்கத்தில் இறங்க வரும் விமானம், வரிசையாகப் போகும் செயற்கைக்கோள்கள், பட்டம், வௌவால், விடிவெள்ளி, வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவில் கிளம்பும் ராக்கெட். இவற்றை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு கழிப்பதுதான் இந்த ஆய்வில் பெரும்பகுதி வேலை. விமானத் தடம் காட்டும் தளங்களையும், முன்கூட்டியே அறிவிக்கப்படும் ராக்கெட் நேரங்களையும் வைத்து அவன் ஒரு பதிவேடு எழுதட்டும். தேதி, நேரம், திசை, மேகம், என்னவென்று முடிவு செய்தான், ஏன் என்று எல்லாம் அதில் இருக்க வேண்டும். நுங்கம்பாக்கத்தில் இருந்த மெட்ராஸ் வானியல் ஆய்வகத்தில் சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டறிந்தது, இரவுக்கிரவு பொறுமையாக அளந்து எழுதிய பழக்கத்தால்தான். விளங்காததைத் தேடுகிறவனுக்கு விளங்கியதெல்லாம் அத்துப்படியாக இருக்க வேண்டும்.

படிப்புக்கு வருகிறேன். பொறியியல் கலந்தாய்வின் விருப்பப் பட்டியலில் மின்னணுவியல்–தகவல்தொடர்பு, மின்னணுவியல்–கருவியியல் ஆகிய இரண்டையும் முதலில் எழுதச் சொல்வேன். பெயரில் 'செயற்கை நுண்ணறிவு' ஒட்டியிருக்கிறது என்பதற்காக ஆய்வகம்கூடச் சரியாக இல்லாத கல்லூரியில் சேர்க்க வேண்டாம். இதில் நான் பிடிவாதமாகவே இருப்பேன். அண்ணா பல்கலைக்கழகத்தின் குரோம்பேட்டை எம்ஐடியில் கருவியியல் நல்ல துறை. விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால் மீனம்பாக்கம் வரை ஒரே ரயில், அங்கிருந்து மின்சார ரயிலில் மூன்றாவது நிலையம் குரோம்பேட்டை. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவன் என்றால் 7.5 சதவீத இடஒதுக்கீடு உண்டு, கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கும். தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1000 ரூபாயும் வரும். பள்ளித் தலைமையாசிரியரிடம் இப்போதே விசாரித்துச் சான்றிதழ்களைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

கட்-ஆஃப் குறைந்தால் உலகம் முடிந்துவிடாது. மாநிலக் கல்லூரியிலோ பழைய வண்ணாரப்பேட்டை தியாகராயா கல்லூரியிலோ இயற்பியல் பட்டப்படிப்பில் சேரட்டும். கூடவே சென்னை ஐஐடி இணைய வழியில் நடத்தும் தரவு அறிவியல் படிப்பையும் படிக்கலாம். அதற்கு ஜேஇஇ தேவையில்லை; தகுதிச் சுற்றில் தேற வேண்டும். குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகையும் உண்டு. அங்கே முதல் கட்டத்திலேயே புள்ளியியலும் பைத்தான் என்ற கணினி மொழியும் வந்துவிடும். வானியல்தான் வேண்டும் என்று அவன் உறுதியாக நின்றால், இயற்பியலில் முதுகலை, பிறகு பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனம் போன்ற இடங்களில் ஆய்வு என்று நீண்ட பாதை அது. வீட்டுக்குச் சம்பளம் வரச் சில வருடங்கள் தாமதமாகும். அந்தத் தாமதத்தை உங்கள் குடும்பம் தாங்குமா என்பதை அவன் முன்னாலேயே பேசுங்கள், மறைக்க வேண்டாம்.

வேலை எங்கே என்று அவன் அப்பா கேட்பார். உற்பத்தி வரிசையில் குறைபாட்டைக் கண்டுபிடிக்கும் கேமரா, துறைமுக வாயிலில் கன்டெய்னர் எண்ணைப் படிக்கும் கேமரா, விமான நிலையத்தில் பறவைகளையும் ட்ரோன்களையும் கண்காணிக்கும் அமைப்பு, விண்வெளிக் குப்பைகளைப் பின்தொடரும் பணி. இவை எல்லாவற்றிலும் நகரும் பொருளைக் கண்டு, இன்னதென்று வகைப்படுத்தி, தவறான எச்சரிக்கையைக் குறைக்கத் தெரிந்தவர்கள்தான் தேவை.

பொதுத்தேர்வு முடியும்வரை ஓர் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். இது தானியங்கிக் கேமரா. அது விழித்திருக்கும், பிள்ளை தூங்கலாம். இரவு பத்து மணிக்கு மேல் மாடிப் படி ஏறக் கூடாது. பதிவானதை ஞாயிற்றுக்கிழமை மாலை மட்டும் பார்க்கட்டும். புதிய கருவி எதையும் தேர்வுக்கு முன் ரிச்சி தெருவில் வாங்கித் தர வேண்டாம். கேமரா வானத்தை மட்டுமே பார்க்க வேண்டும், பக்கத்து வீட்டு மாடி சட்டகத்துக்குள் வரக் கூடாது. என்ன செய்கிறான் என்று அக்கம்பக்கத்தாரிடம் அவனே போய் விளக்கட்டும்.

கலந்தாய்வில் விருப்பப் பட்டியல் நிரப்பும் முன், அவனையும் அவன் அப்பாவையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். மதிப்பெண் பட்டியலோடு அந்தப் பதிவேட்டையும் கொண்டுவரச் சொல்லுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் எந்தப் பாடப்பிரிவை முதலில் எழுதுவது என்று முடிவு செய்வேன்.