தோட்டக் கிணற்று சென்சருக்கு ரவர் அலையா, வெயிலா?

கேள்வி: உரும்பிராயில் வெங்காயத் தோட்டக் கிணற்றின் நீர்மட்டத்தை ஈ.எஸ்.பி. 32 (வைபை உள்ள சிறு கணினிச் சில்லு) போர்ட் ஒன்று கால் மணித்தியாலத்துக்கு ஒருக்கால் வைபையில் வீட்டுக்கு அனுப்புகிறது. மற்ற நேரம் ஸ்லீப்பில்தான் இருக்கும். ஆனாலும் 1500 மில்லியம்பியர்-மணி பற்றரி ஒரு கிழமைகூட நிற்கவில்லை. பக்கத்து போன் ரவரின் அலையிலிருந்து கரண்ட் எடுக்கலாமா?

பதில்: எடுக்கலாம், உங்களுக்குக் காணாது. ரவருக்கு நூறு மீற்றர் தள்ளி உள்ளங்கையளவு அன்ரெனா வைத்தால் மிஞ்சுவது பொதுவாகச் சில மைக்ரோவாற்று. ஸ்லீப்பில் கிடக்கும் சில்லுக்கே அது போதாது. அதே அளவு சோலார் பனல் உச்சி வெயிலில் ஒரு வாற்றுக்குக் குறையாமல் தரும்.

ஆனால் பனலை வாங்க முதல் கரண்ட் வீணாகும் கசிவைப் பிடியுங்கள். ஸ்லீப்பில் சில்லு குடிப்பது 10 மைக்ரோஅம்பியர் அளவுதான். போர்ட்டில் வோல்ற்றைக் குறைத்து நிலையாக வைக்கும் ஏ.எம்.எஸ். 1117 ரெகுலேற்றரோ சும்மா இருந்தே 5 மில்லியம்பியர் அளவு தின்னும். சிவப்பு லைற்றும் யூ.எஸ்.பி. சில்லும் சென்சரும் சேர்ந்து 10 மில்லியம்பியர் ஆனால் நாளுக்கு 240 மில்லியம்பியர்-மணி வீண். உண்மையான வேலைக்குத் தேவை எவ்வளவு? நாளுக்கு 96 தடவை, 5 செக்கன், சராசரி 100 மில்லியம்பியர்: வெறும் 13 மில்லியம்பியர்-மணி.

ஆகவே போர்ட்டை விட்டு சில்லு மட்டும் உள்ள வெறும் மொடியூலைப் பாவியுங்கள். அதை இயங்க வைக்கும் இ.என். முனையை 10 கிலோஓம் மின்தடையால் 3.3 வோல்ற்றுக்கு இழுங்கள். சென்சரின் கரண்டை ஸ்லீப்பின்போது மொஸ்பெற்றால் (சுவிட்ச்போல் வேலை செய்யும் ட்ரான்சிஸ்ரர்) வெட்டுங்கள். லித்தியம் இரும்பு பொஸ்பேற் செல்லை ரெகுலேற்றர் இல்லாமலே நேரே கொடுக்கலாம். முழுச் சார்ஜில் 3.6 வோல்ற், சில்லின் எல்லையும் அதுதான். மொடியூலுக்குப் பக்கத்தில் 470 மைக்ரோபரட் கொண்டென்சர் ஒன்று. சார்ஜருக்கு சி.என். 3058 சில்லு, பனல் 5 வோல்ற் 1 வாற்று. 6 வோல்ற் பனல் வேண்டாம்: செல் நிரம்பியதும் அது 7 வோல்ற்றுக்கு ஏறிச் சார்ஜரைச் சுட்டுவிடும்.

கசிவை அளக்கும்போது மல்ரிமீற்றரை மைக்ரோஅம்பியரில் வைத்தே போட்டால் மொடியூல் திரும்பத் திரும்ப ரீசெற் ஆகும். மீற்றர் முனைகளை வயரால் இணைத்துத் தொடக்கி, ஸ்லீப்புக்குப் போன பிறகு வயரைக் கழற்றுங்கள்.

வீட்டில் கரண்ட் நின்றால் ரூட்டரும் நிற்கும். மொடியூல் அதை விடாமல் தேடிப் பற்றரியை முடிக்கும். 8 செக்கனில் கைவிட்டுத் தூங்கச் சொல்லுங்கள்.

பனலைத் தெற்கு நோக்கி 10 முதல் 15 பாகை சரித்தால் மழையே கழுவிவிடும். மாரியில் பத்தில் ஒரு பங்கு வெளிச்சம் ஐந்து மணித்தியாலம் கிடைத்தாலும் காணும். பனை நிழல் மட்டும் விழக்கூடாது. பெட்டியைப் பனலுக்குக் கீழே, வயர் அடிப்பக்கமாக நுழையும்படி பூட்டுங்கள். 45 பாகைக்கு மேல் சூடான செல்லைச் சார்ஜ் செய்தால் அதன் ஆயுள் குறையும்.