வாசகர் கேள்விகள்: சட்டம் தரும் தகுதியும் சிறிய மொழிகளும்

கேள்வி (திண்டுக்கல் வாசகர் ஒருவர்): தேசிய மொழி, ஆட்சிமொழி இரண்டும் ஒன்றுதான் என்கிறார் என் மைத்துனர்; இல்லை என்கிறேன் நான். யார் சொல்வது சரி?

பதில்: தாங்கள் சொல்வதே சரி. அரசு தன் சட்டங்களையும் கோப்புகளையும் எந்த மொழியில் எழுதுகிறதோ, குடிமக்களுக்கு எந்த மொழியில் விடையளிக்கக் கடமைப்பட்டிருக்கிறதோ, அதுவே ஆட்சிமொழி. தேசிய மொழி என்பது ஒரு நாடு தன் அடையாளமாக அறிவித்துக்கொள்ளும் மொழி. அந்த அறிவிப்பு ஒன்றினாலேயே அரசு அலுவலகத்தில் அம்மொழியில் எழுதிய விண்ணப்பத்தை வாங்கிக்கொள்வார்கள் என்று சொல்லிவிட முடியாது. நம் அரசியலமைப்பின் 343-ஆவது உறுப்பு தேவநாகரி எழுத்தில் அமைந்த இந்தியை ஒன்றியத்தின் ஆட்சிமொழி என்கிறதே தவிர, தேசிய மொழி என்று எந்த மொழியையும் சொல்லவில்லை. சிங்கப்பூரில் மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கும் ஆட்சிமொழிகள். தேசிய மொழி மலாய் மட்டுமே. நாட்டுப்பண்ணும் அணிவகுப்புக் கட்டளைகளும் அங்கே மலாயில் ஒலிக்க, நிர்வாகம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடப்பதற்கு இதுவே அடிப்படை. தங்கள் மைத்துனரிடம் சிங்கப்பூர்ப் பணத்தாள் ஒன்றைக் காட்டுங்கள்; அதில் ‘சிங்கப்பூர்’ என்று தமிழிலும் அச்சிட்டிருப்பார்கள்.

கேள்வி (கோயம்புத்தூர் வாசகி ஒருவர்): சுவிட்சர்லாந்தில் ஏறக்குறைய 60,000 பேர் மட்டுமே பேசும் ரோமான்ஷ் மொழிக்கு நாடு தழுவிய தகுதி கொடுத்தது ஏன்? அதனால் அம்மொழிக்கு நன்மை விளைந்ததா?

பதில்: முதல் பாதிக்கு விடை 1938-இல் இருக்கிறது. முசோலினியின் ஆட்சியிலிருந்த இத்தாலியில், ரோமான்ஷ் என்பது தனிமொழியே அன்று, இத்தாலிய மொழியின் ஒரு கிளைவழக்கே என்று வாதிட்டவர்கள் இருந்தனர். மொழி எங்களுடையது என்றால் நிலமும் எங்களுடையதுதானே என்பது அந்த வாதத்தின் உள்நோக்கம். ஆல்ப்ஸ் பள்ளத்தாக்குகளில் வாழ்ந்த ரோமான்ஷ் மக்களுக்கு அது எவ்வளவு பெரிய அச்சுறுத்தல் என்பதை மற்ற சுவிஸ் மக்கள் உணர்ந்தார்கள். 1938 பிப்ரவரி 20-ஆம் நாள் நடந்த பொதுவாக்கெடுப்பில், ரோமான்ஷை நான்காம் தேசிய மொழியாக ஏற்க வேண்டும் என்று பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வாக்களித்தார்கள். அம்மொழியில் ஒரு சொல் கூட அறியாத இலட்சக்கணக்கானோர் அதற்காக வாக்குச்சாவடிக்குச் சென்றார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெகிழ்ச்சி உண்டாகிறது.

ஆனால் அன்று கிடைத்தது தேசிய மொழித் தகுதி மட்டுமே. ஆட்சிமொழிகள் ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன் ஆகிய மூன்றாகவே நீடித்தன. மத்திய அரசுக்கு ரோமான்ஷில் கடிதம் எழுதி அதே மொழியில் பதில் பெறும் உரிமை, 1996 மார்ச்சில் நடந்த மற்றொரு வாக்கெடுப்பில் அரசியலமைப்பு திருத்தப்பட்ட பிறகே வந்தது. இரண்டு வாக்கெடுப்புகளுக்கும் இடையே 58 ஆண்டுகள். முதல் கேள்வியில் பேசிய வேறுபாடு வெறும் சொல் வேறுபாடு அன்று என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

இனி நன்மை பற்றி. பணத்தாளில் தேசிய வங்கியின் பெயர் நான்கு மொழிகளிலும் இருக்கிறது. நாணயத்தில் அவ்வளவுக்கு இடமில்லாததால் எந்தத் தரப்பையும் சாராத இலத்தீனில் ‘எல்வெடியா’ என்று பொறிக்கிறார்கள். வானொலியும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளும் உண்டு. உண்மையான சிக்கல் மொழிக்குள்ளேயே இருந்தது. ரோமான்ஷுக்குப் பொதுவான எழுத்து வழக்கு அப்போது இருக்கவில்லை. சுர்சில்வான், சுத்சில்வான், சுர்மிரான், பூத்தர், வல்லாதர் என ஐந்து எழுத்து வழக்குகள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நூல் மரபு. வீடு என்பதற்கு ஒரு பள்ளத்தாக்கில் ‘காசா’ என்றால், இன்னொன்றில் ‘சேசா’, மற்றொன்றில் ‘சாசா’. ஓர் அரசாணையை ஐந்து விதமாக அச்சிட முடியாது என்பதால், 1982-இல் சூரிக் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹைன்ரிக் ஷ்மிட் பெரும்பான்மை வழக்குகளைத் தழுவி ஒரு பொது எழுத்து வடிவத்தை வகுத்துக் கொடுத்தார். அலுவலகத்துக்கு அது பெரிதும் பயன்பட்டது. ஆனால் அதைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவந்தபோது, தங்கள் பிள்ளைகள் பாட்டி பேசும் சொல்லை விட்டுவிட்டு யாரும் பேசாத சொல்லைப் படிக்க வேண்டுமா என்று பெற்றோர்கள் கேட்டார்கள். அதை ஏற்றுக்கொண்ட ஊர்கள் பலவும் பின்னர்த் தம் சொந்த வழக்குக்கே திரும்பிவிட்டன. பெற்றோர்கள் பக்கமே நியாயம் இருந்தது என்பது என் கருத்து. அலுவலகத்துக்கு ஒரு வடிவம், வகுப்பறைக்கு ஊர் வழக்கு என்று பிரித்துக்கொண்டது பின்னடைவு ஆகாது.

கேள்வி (சூரிக்கிலிருந்து எழுதும் வாசகர் ஒருவர்): இந்நாட்டில் பல்லாயிரம் தமிழர் வாழ்கிறோம். எங்கள் பிள்ளைகள் வார இறுதி வகுப்புகளில் தமிழ் படிக்கிறார்கள். தமிழுக்கு இங்கே சிறுபான்மை மொழித் தகுதி கிடைக்குமா?

பதில்: இன்றைய சட்டப்படி கிடைக்காது என்று வருத்தத்துடனேயே எழுத வேண்டியிருக்கிறது. ஐரோப்பிய மன்றம் 1992-இல் கொண்டுவந்து 1998-இல் நடைமுறைக்கு வந்த, வட்டார மொழிகளுக்கும் சிறுபான்மை மொழிகளுக்குமான சாசனம், ஒரு நிலப்பகுதியில் மரபாகப் பேசப்பட்டு வரும் மொழிகளையே சிறுபான்மை மொழிகளாக ஏற்கிறது; ஆட்சிமொழியின் கிளைவழக்குகளையும் புலம்பெயர்ந்து வந்தோரின் மொழிகளையும் அது வெளிப்படையாகவே விலக்கிவிடுகிறது. நிலப்பகுதி ஏதும் இல்லாத மொழியானாலும், ரோமா மக்களின் ரோமானி, ஐரோப்பிய யூதர்களின் இத்திஷ் போல நெடுங்காலம் அந்நாட்டில் புழங்கியிருந்தால் இடமுண்டு. இவ்விரண்டையும் சுவீடன் தன் ஐந்து தேசியச் சிறுபான்மை மொழிகளுள் சேர்த்திருக்கிறது. ஆக, எண்ணிக்கையைவிடக் காலமே இங்கே அளவுகோல். எத்தனை தலைமுறை வாழ்ந்தால் ஒரு மொழி அம்மண்ணின் மரபாகும் என்று அந்தச் சாசனம் ஆண்டுக்கணக்குச் சொல்லவில்லை. அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளைப் பெற்ற தங்களைப் போன்றோர் அக்கேள்வியைத் தொடர்ந்து எழுப்ப வேண்டும் என்பது என் விருப்பம்.

தென்னாப்பிரிக்காவின் போக்கு வேறு. சென்னையிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிச் சென்ற ‘ட்ரூரோ’ கப்பல் 1860 நவம்பரில் டர்பனை அடைந்தது. 1996-ஆம் ஆண்டின் தென்னாப்பிரிக்க அரசியலமைப்பு 11 ஆட்சிமொழிகளை அறிவித்தது. 2023-இல் சைகைமொழி பன்னிரண்டாவதாகச் சேர்ந்தது. தமிழ் அந்தப் பட்டியலில் இல்லை. ஆயினும் அந்நாட்டுச் சமூகங்கள் வழங்கும் மொழிகளாகத் தமிழ், தெலுங்கு, குஜராத்தி, இந்தி, உருது, ஜெர்மன், கிரேக்கம், போர்த்துகீசியம் ஆகியவற்றை அதே அரசியலமைப்பு பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அவற்றை வளர்ப்பதும் மதிக்கச் செய்வதும் மொழி வாரியத்தின் கடமை என்கிறது. கரும்புத் தோட்டத்துக்குக் கூலிகளாகப் போனவர்களின் மொழி, ஒரு நாட்டின் உச்சச் சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது.

கேள்வி (மதுரை மாணவி ஒருவர்): மிகுதியான ஆட்சிமொழிகள் கொண்ட நாடு எது?

பதில்: பொலிவியா. 2009-ஆம் ஆண்டின் அரசியலமைப்பு ஸ்பானியத்துடன் 36 பழங்குடி மொழிகளையும் ஆட்சிமொழிகளாக அறிவித்தது. அவற்றுள் புக்கினா போன்ற சிலவற்றைப் பேச இன்று ஒருவரும் இல்லை.

கேள்வி (நாகர்கோவில் வாசகர் ஒருவர்): பேசுவோர் அற்றுப்போன மொழி மறுபடியும் பேச்சுக்கு வந்தது உண்டா?

பதில்: உண்டு. பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் இடையிலுள்ள மேன் தீவின் மேங்க்ஸ் மொழியைச் சொல்கிறேன். அத்தீவின் கிரெக்னீஷ் என்ற சிற்றூரில் நெட் மேட்ரெல் என்னும் மீனவர் இருந்தார். சிறுவயதில் அவரை வளர்த்த உறவுக்காரக் கிழவிக்கு ஆங்கிலம் தெரியாது; ஆகவே அவர் வயதுப் பிள்ளைகள் மேங்க்ஸை மறந்துகொண்டிருந்த காலத்திலும் அவருக்கு அது வீட்டு மொழியாக இருந்தது. 1948-இல் அயர்லாந்தின் நாட்டார் வழக்காற்று ஆணையத்தினர் ஒலிப்பதிவுக் கருவிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு கடல் கடந்து வந்து, எஞ்சியிருந்த முதியவர்களின் குரல்களைத் தட்டுகளில் பதிவு செய்தார்கள். தாய்மொழியாகப் பேசிய கடைசி மனிதரான மேட்ரெல் 1974 டிசம்பரில் மறைந்தார்.

அதற்குள் சில இளைஞர்கள் அவரிடமும் அவரை ஒத்த முதியவர்களிடமும் சென்று, அருகில் உட்கார்ந்து, பேசிப் பேசியே மொழியைக் கற்றுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் இல்லையேல் ஒலித்தட்டுகள் மட்டுமே மிஞ்சியிருக்கும். 2001-இல், எல்லாப் பாடங்களையும் மேங்க்ஸிலேயே கற்பிக்கும் தொடக்கப்பள்ளி ஒன்று தொடங்கிற்று. இன்று அது செயின்ட் ஜான்ஸ் என்ற ஊரில் நடக்கிறது. ஆண்டுதோறும் ஜூலையில், புதிய சட்டங்களை ஆங்கிலத்திலும் மேங்க்ஸிலும் மக்கள் முன் அறிவிக்கும் டின்வால்ட் குன்று இருப்பதும் அதே ஊரில்தான். பேச ஆளில்லாத காலத்திலும் சட்டம் அம்மொழியில் வாசிக்கப்பட்டது. அதைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் பிள்ளைகள் இப்போது அருகிலேயே படிக்கிறார்கள்.

2009-இல் யுனெஸ்கோ தன் மொழி வரைபடத்தில் மேங்க்ஸை அழிந்துபோன மொழி என்று குறித்தபோது, அப்பள்ளி மாணவர்கள் மேங்க்ஸிலேயே கடிதம் எழுதி, எங்கள் மொழி அழிந்துவிட்டது என்றால் நாங்கள் இப்போது எந்த மொழியில் எழுதிக்கொண்டிருக்கிறோம் என்று கேட்டார்கள். யுனெஸ்கோ அந்தக் குறிப்பை மாற்றி, மிகவும் அருகிவிட்ட மொழி என்று திருத்திக்கொண்டது.