ஏறுறப்போ ரேஞ்ச் குறையுது, இறங்குறப்போ ஏன் கூடுது?

கம்பளையில இருந்து றம்பொடை வழியா நுவரெலியா ஏறுறப்போ கார் மீட்டர்ல காட்டுற ரேஞ்ச், அதாவது மிச்சப் பெற்றோல்ல இன்னும் எத்தன கிலோமீற்றர் ஓடலாம்ங்கிற நம்பர், கடகடன்னு குறையுது, இறங்குறப்போ கூடுது, மீட்டர் பழுதான்னு கேட்டிருந்தீங்க. பழுது இல்லங்க. இன்ஜினுக்குள்ள பெற்றோல் பீச்சுற இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்குன்னு பார்த்து கார் கம்ப்யூட்டர் பெற்றோல் செலவ கணக்கு பண்ணும், அத ஓடின தூரத்தோட சேர்த்து லீற்றருக்கு எத்தன கிலோமீற்றர்னு சராசரி எடுத்து, டேங்க்ல இருக்கிற மிதவை காட்டுற மிச்சப் பெற்றோல் அளவால பெருக்கினா அதான் ரேஞ்ச். இதுவரைக்கும் ஓடினத வச்சுத்தான் பெரும்பாலான கார் சொல்லும், முன்னால 1,868 மீற்றர் உயரத்துக்கு ஏத்தம் இருக்குன்னு அதுக்குத் தெரியாது. இறங்குறப்போ கியர்ல வச்சு ஆக்சிலேட்டர விட்டா இன்ஜெக்டர் மூடிடும், பெற்றோலே போகாது, நம்பர் ஏறும். நியூட்ரல்ல மட்டும் இறங்காதீங்க, இன்ஜின் அணையாம இருக்கவே பெற்றோல் குடிக்கும், பிரேக்கும் சூடாகிடும், ரொம்ப ஆபத்து. சரிவுல நிறுத்தினா மிதவையும் சாஞ்சு தப்பா காட்டலாம். அதனால ஏத்தத்துக்கு முந்தியே ஷெட்ல பெற்றோல் அடிச்சிடுங்க.