வெளிநாட்டில் இருக்கிறேன். எனக்கு வந்த பார்சல் தவறான முகவரிக்குப் போய்விட்டது. எப்படித் தேடிப் பிடிப்பது?

எனக்கும் இது நடந்தது. அக்கா அனுப்பிய பார்சலில் என் பட்டச் சான்றிதழின் அசலும் அம்மா எழுதிய பழைய கடிதங்களும் இருந்தன. தபால் இணையதளத்தில் ‘டெலிவரி ஆகிவிட்டது’ என்று வந்தது. எனக்கு எதுவும் வரவில்லை. அன்று இரவு தூக்கமே இல்லை.

முதலில், அனுப்பியவரிடம் ரசீதையும் சுங்கப் படிவ நகலையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். போனில் முகவரியைச் சொல்லச் சொன்னால் மனதில் இருப்பதைத்தான் சொல்வார்கள், அது சரியாகவே இருக்கும். அக்காவும் அப்படித்தான் மூன்று முறை சரியாகச் சொன்னாள். போட்டோவைப் பெரிதாக்கியபோதுதான் விஷயம் புரிந்தது. என் வீட்டு எண் 14. அவள் 1-இன் தலையில் ஒரு கொக்கி போடுவாள். பேனா கொஞ்சம் நீட்டி இழுத்ததில் அது 74 ஆகியிருந்தது.

அடுத்து கண்காணிப்பு எண்ணை, அதாவது டிராக்கிங் நம்பரைப் பாருங்கள். முதலில் இரண்டு ஆங்கில எழுத்து, நடுவில் 9 இலக்கம், கடைசியில் அனுப்பிய நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்து என மொத்தம் 13 இருந்தால் அது அரசுத் தபால் வழியாக வருவது. அதே எண்ணை நீங்கள் இருக்கும் நாட்டின் தபால் தளத்திலும் போட்டுப் பாருங்கள். அனுப்பிய நாட்டின் தளத்தில் இல்லாத விவரம் பல நேரம் அங்கே கிடைக்கும். எண் வேறு மாதிரி இருந்தால் அநேகமாகத் தனியார் கூரியர்தான். அவர்களிடமே கேட்க வேண்டும்.

அப்புறம், நேரில் போங்கள். வாடிக்கையாளர் சேவை எண்ணில் எனக்கு இரண்டு நாள் வீணாயிற்று. உங்கள் பகுதிக்குத் தபால் பிரித்துக் கொடுக்கும் அலுவலகத்துக்கு பாஸ்போர்ட், அந்தப் போட்டோ இரண்டையும் எடுத்துக்கொண்டு காலையிலேயே போய்விடுங்கள். எனக்கு அந்த ஊர் மொழி சரியாக வராது. அதனால் கேட்க வேண்டியதை ஒரு தாளில் அவர்கள் மொழியிலேயே எழுதி வைத்திருந்தேன். கவுண்டரில் இருந்த பெண் ஊழியர் அதைப் படித்துவிட்டு, கணினியில் பார்த்து, தெருப்பெயரையும் 74 என்ற எண்ணையும் விரலால் காட்டினார்.

எண் 74 ஒரு சிறிய அலுவலகம். வாசல் மேசைக்கு அடியில், பிரிக்கப்படாமல், அக்காவின் கையெழுத்து மேலே தெரிய என் பார்சல் இருந்தது. பதினோரு நாளாக யாராவது வந்து கேட்பார்கள் என்று வைத்திருந்தார்களாம். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

உங்களுக்கு இவ்வளவு சுலபமாகக் கிடைக்காமல் போகலாம். அப்போது அனுப்பியவர் தன் ஊர்த் தபால் நிலையத்தில் விசாரணை கோரி எழுதிக் கொடுக்க வேண்டும். சர்வதேசத் தபால் விதிப்படி, உரியவர் கையில் சேரும்வரை பார்சல் அனுப்பியவருக்குத்தான் சொந்தம். அதனால் பெறுபவர் சொல்வதைவிட அவர் சொல்வதற்கே எடை அதிகம். அந்த விசாரணைக்கான படிவத்தின் பெயர் சி.என். 08. அஞ்சல் செய்த மறுநாளிலிருந்து 6 மாதத்துக்குள் கொடுத்துவிட வேண்டும்.

பார்சல் இன்னும் வழியில்தான் இருக்கிறது என்றால், முகவரியைத் திருத்தித் தரும்படி அனுப்பியவர் கேட்கலாம். இந்த வசதி எல்லா நாட்டிலும் கிடையாது, ஆனாலும் கேட்கச் சொல்லுங்கள். நீங்கள் அலுவலகத்துக்குப் போவதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். டெலிவரி ஆகாத பார்சலைக் குறிப்பிட்ட நாள் வரைதான் வைத்திருப்பார்கள், பிறகு வந்த வழியே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.