சாம்பாரில் எவ்வளவு பருப்பு?

கேள்வி: எனக்கு 31 வயது, எடை 60 கிலோ. வாரத்தில் ஐந்து நாள் காலை 5.30 மணிக்கு மெரினாவில் ஓடுகிறேன், இரண்டு நாள் மாலை ஜிம். காலை நாலு இட்லி, மதியம் சாம்பார் சாதம், பொரியல், தயிர், ராத்திரி மூன்று தோசை. முட்டை எப்போதாவது, மீன் ஞாயிறு மட்டும். பதினோரு மணிக்கே சோர்ந்துவிடுகிறேன். ஜிம் மாஸ்டர் புரோட்டீன் பவுடர் வாங்கச் சொல்கிறார். அம்மாவோ, "தினம் சாம்பார் சாப்பிடுறியே, அதுல இல்லாத சத்தா?" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
- ஒரு வாசகி, திருவல்லிக்கேணி

பதில்: சாம்பாருக்குக் குக்கரில் எவ்வளவு துவரம் பருப்பு போடுகிறார் என்று அம்மாவிடம் கேளுங்கள். எங்கள் வீட்டில் நாலு பேருக்கு ஒரு சின்ன டம்ளர். தராசில் வைத்தேன்: 100 கிராம். அதில் புரதம் சுமார் 22 கிராம். நாலு பேர், இரண்டு வேளை என்று பங்கு போட்டால் ஒருவருக்கு வேளைக்கு 3 கிராம்கூடத் தேறவில்லை. அதுவும் மேலாக மொண்டு ஊற்றினால் முருங்கைக்காயும் புளித்தண்ணீரும்தான். பருப்பெல்லாம் அடியில், கடைசியாகச் சாப்பிட உட்காருபவருக்குத்தான் யோகம். இருபது வருஷமாக ஊருக்கெல்லாம் டயட் சார்ட் எழுதிக் கொடுத்த நான் இதை நிறுத்துப் பார்த்தது போன வருஷம்தான். வெட்கமாகப் போய்விட்டது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்) 2020ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி பெரியவர்களுக்கு ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம் புரதம். உங்களுக்கு அது 50 கிராம். ஓடி, எடையும் தூக்குகிறவருக்கு 1.2 கிராமாவது வேண்டும், அதாவது 72. இட்லிக்கு 2, தோசைக்கு 3 என்று உங்கள் சாப்பாட்டைக் கூட்டிப் பார்த்தேன், 35ஐத் தாண்டுவதே கஷ்டம்.

இட்லியை விட வேண்டாம், ஓடுகிற காலுக்கு மாவுச்சத்தும் வேண்டும். கூடவே இரண்டு அவித்த முட்டை, 12 கிராம். மதியம் சாம்பாருக்கு முன்னால் ஒரு கப் கெட்டிப் பருப்பு, நெய் விட்டு. ராத்திரி தோசையில் இரண்டு நாளை அடைக்குக் கொடுங்கள். அரிசியில் குறைகிற லைசின் என்ற புரதக்கூறு (அமினோ அமிலம்) பருப்பில் இருக்கிறது, பருப்பில் குறைகிறதை அரிசி ஈடுகட்டும். அந்தக் காலத்துப் பாட்டிகள் பெயர் தெரியாமலே அரைத்தார்கள்.

அப்புறம் சுண்டல். 40 கிராம் கறுப்புக் கொண்டைக்கடலையை ராத்திரியே ஊறப் போட்டு, தேங்காயும் கறிவேப்பிலையும் தாளித்தால் 8 கிராம். நவராத்திரி ஒன்பது நாளும் ஒழுங்காகச் சாப்பிடுகிறோம், பத்தாம் நாள் பிஸ்கட்டுக்குத் திரும்பிவிடுகிறோம்! ஒரு பிடி வேர்க்கடலை, ஒரு டம்ளர் பால் என்று சேர்த்தால் 72 எட்டிவிடும். ஞாயிறு மீனைப் புதன்கிழமைக்கும் நீட்டினால் இன்னும் சுலபம். மத்தி போதும், வஞ்சிரம்தான் வேண்டும் என்றில்லை.

பவுடர் விஷமில்லை. வேலைக்கு ஓடுகிற நாளில் ஒரு ஸ்கூப் கைகொடுக்கும். ஆனால் டப்பா தீர்ந்ததும் தட்டு பழைய தட்டாகவே இருக்கும், அதுதான் எனக்கு உறுத்தல்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்தப் பதினோரு மணிச் சோர்வுக்குப் புரதம்தான் காரணம் என்று நான் கையெழுத்துப் போட மாட்டேன். ஹீமோகுளோபின் பாருங்கள். 12க்குக் கீழே என்றால் ரத்தசோகை, டாக்டரிடம் போக வேண்டும். சாப்பிட்ட கையோடு டீ குடிக்கும் பழக்கம் இருந்தால் ஒரு மணி நேரம் தள்ளிப் போடுங்கள். அது இரும்புச்சத்தைச் சேரவிடாது.

கேள்வி: அப்பாவுக்கு 67 வயது, சிறுநீரகக் கோளாறு, டயாலிசிஸ் இன்னும் இல்லை. அவருக்கும் முட்டை, சுண்டல் என்று கூட்டலாமா?
- ஒரு வாசகர், வேளச்சேரி

பதில்: நீங்களாகக் கூட்டாதீர்கள். டயாலிசிஸுக்கு முந்தைய கட்டத்தில் புரதத்தைப் பெரும்பாலும் அளந்துதான் கொடுப்பார்கள். அவருடைய கிரியாட்டினின் ரிப்போர்ட்டோடு சிறுநீரக டாக்டரைக் கேளுங்கள். மேலே எழுதிய கணக்கு எதுவும் அவருக்கு இல்லை.